மலை மேல் கம்ப்ரஷன் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் உதகையில் என் பட்டறைக்குப் புதிதாக வந்த பையன், முதல் சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும்போது எழும் அழுத்தம், அளக்கும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "137தான் அண்ணா, ரிங் போய்விட்டது" என்றான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம். இழுவை குறைந்துவிட்டது என்று வந்த அந்தப் பெட்ரோல் காருக்கு, சர்வீஸ் புத்தகத்தில் 180 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்று இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். கேஜைச் சரியாக முறுக்காமல் விடுவது போன்ற பிசகுகள் கை பழகினால் போய்விடும். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை.

புத்தகத்து எண்ணை அப்படியே நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் அது 11 சொச்சம்தான். உள்ளே போகும் காற்றே கால் பங்கு குறைவு என்றால் பிஸ்டன் எதை அழுத்தும்? ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். கீழே 180 காட்டும் நல்ல இன்ஜின் இங்கே 137 அளவில்தான் காட்டும்.

இது தெரியாமல் ஒரு டாக்ஸிக்காரரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டேன். நான்கு சிலிண்டரிலும் 135 முதல் 138 வரை இருந்தது. ரிங் மாற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்து, இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் புதிதாகப் போட்டு அளந்தால், மறுபடியும் 138. வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி அளந்தபோது முள் 170ஐத் தாண்டி நின்றது. கழற்றிய ரிங்குகளைத் திரும்பி வந்து பார்த்தேன்; தேய்மானமே இல்லை. சீசன் நேரத்தில் அவருக்குப் பன்னிரண்டு நாள் ஓட்டம் போயிற்று.

நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால், இன்ஜினைத் தொடுமுன் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் கவலை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் அளப்பது

காற்று போகும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

சோர்ந்த பேட்டரி

உதகையின் டிசம்பர் காலையில் இது அடிக்கடி நடக்கும். இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் கசிந்துவிடும். முதல் சிலிண்டரிலிருந்து நான்காவது வரை அளவு படிப்படியாக இறங்கினால், பேட்டரியை ஏற்றிவிட்டு நான்காவதிலிருந்து தொடங்கி அளங்கள்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் ஃபியூஸைக் கழற்றாமல் இன்ஜினைச் சுற்றுவது

கூடவே கூடாது.

பையன் மற்ற மூன்று சிலிண்டர்களையும் அளந்தான்: 136, 138, 135. இழுவை குறைந்ததற்குக் காரணம், தூசி அடைத்துக் கறுத்துப்போன ஏர் ஃபில்டர்.