8401க்கு முன்னால் வந்த 10560

1980களின் இறுதியில் நம் ரயில்வேயின் நீராவி எஞ்சின்களுக்கு ஒரு கையேடு தொகுத்துக்கொண்டிருந்தேன். டிபேஸ் 3 பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருள், 360 கேபி ஃபிளாப்பி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். டபிள்யூஜி என்ற அகலப்பாதைச் சரக்கு எஞ்சின் வகையின் பட்டியலை அச்சிட்டால், 1970இல் சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் ஆலையில் உருவான கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் ‘அந்திம் சிதாரா’, 10560, மேலே நிற்கிறது! 1950இல் அங்கே முதலில் பிறந்த ‘தேஷ்பந்து’, 8401, அதற்கும் கீழே. மனசு கேட்கவில்லை.

எஞ்சின் எண்ணை எழுத்தாகப் பதிந்ததுதான் தவறு. எழுத்து வரிசை முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும்; 8க்கு முன் 1. வரிசையைத் தீர்மானிக்கும் இண்டெக்ஸில் ‘வால்’ (VAL) கட்டளை போட்டு எண்ணாக்கி, ‘ஸ்டர்’ (STR) மூலம் மறுபடி எழுத்தாக்கி ஐந்து இட அகலம் கொடுத்தேன். 8401க்கு முன்னால் ஒரு வெற்றிடம் வந்து உட்கார்ந்தது; வரிசையில் வெற்றிடம் 1க்கும் முன். அப்புறம் மறுபடி அச்சிட்டேன். தாளின் ஓரத் துளைப்பட்டையைக்கூடக் கிழிக்காமல் விரல் வைத்துத் தேடினேன்: தேஷ்பந்து தன் இடத்தில், அந்திம் சிதாரா பல பக்கம் தள்ளி.