ஆவணப்படம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளே, இந்தத் தவறுகள் வேண்டாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன எடிட்டிங் அறைதான் என் வேலையிடம். தொலைக்காட்சிக்கு ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்கள் முதல் எடிட்டை முடித்ததும், "அண்ணே, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கொண்டுவருவார்கள். ஜப்பானியர் காலத்தில் நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாதை போடவைத்த சயாம்-பர்மா மரண ரயில், பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல், குடியுரிமை இல்லாதவர் கையில் இருக்கும் சிவப்பு அடையாளக் கார்டு, மாணவர் இல்லாமல் மூடப்படும் தமிழ்ப்பள்ளி என்று எடுத்துக்கொள்ளும் விஷயம் ஒவ்வொன்றும் எடுக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே இவர்களும் ஒன்று விடாமல் செய்கிறார்கள்.

ஒலி இரைகிறது, கேமரா ஆடுகிறது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நாலு படம் எடுத்தால் அது தானே சரியாகிவிடும். எத்தனை படம் எடுத்தாலும் தானே சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கிடைத்த படத்தை ஒட்டுவது

பின்னணிக் குரல் "நம் தமிழ்த் தொழிலாளர்கள்" என்கிறது. திரையில் எலும்பும் தோலுமாக நிற்பவர்களோ வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். சயாம் பாதை பற்றி எடுத்த படங்களில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்தப் படங்கள்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பேசுவது ஒருவரைப் பற்றி, காட்டுவது இன்னொருவரை என்றால், படத்தில் இருப்பவருக்கும் துரோகம், இல்லாதவருக்கும் துரோகம். பொருத்தமான படம் கிடைக்கவில்லையா? பேசுகிறவரின் முகத்தையே காட்டுங்கள். போதும்.

இன்னும் சில. ரப்பர் தோட்டம் என்று சொல்லிவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் இலங்கைப் பெண்களைக் காட்டுவது. 1910இல் கப்பலேறிய தாத்தாவுக்கு ரஜூலா கப்பலின் படத்தைப் போடுவது. அந்தக் கப்பல் கடலில் இறங்கியதே 1926இல்தான். 1930களின் பால்மரக் காட்டை, அதாவது ரப்பர் காட்டை, பற்றிப் பேசும்போது ட்ரோனை எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மேல் பறக்கவிடுவது. செம்பனை 1917லேயே சிலாங்கூரில் நடப்பட்டது உண்மை. ஆனால் பால்மரத்தை வெட்டித் தள்ளிவிட்டுப் பெருவாரியாகச் செம்பனை போட்டது 1960களுக்குப் பிறகு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைப் பார்த்த நிமிடமே டிவியை நிறுத்திவிடுவார். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பப்போவதில்லை.

மரண ரயில் என்றதும் தாய்லாந்தின் காஞ்சனபுரி இரும்புப் பாலத்தை மட்டும் காட்டி முடித்துவிடுவதும் இதே வகைதான். பாதை 415 கிலோமீட்டர். பர்மா எல்லையை ஒட்டிய மேல்முகாம்களில், 1943 மழைக்காலத்தில், காலரா கொன்ற கதையைப் பாலத்தடியில் நின்றுகொண்டு சொல்லிவிட முடியாது.

1930இல் மலேசியா கிடையாது

மலாயா என்று எழுதுங்கள். மலேசியா பிறந்தது 1963 செப்டம்பர் 16.

பெரியவரிடம் ஆண்டைக் கேட்பது

"அது எந்த வருசம் பாட்டி?" என்று கேட்டதும் பாட்டி திணறுவார். பள்ளியில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி அவர் முகம் சுருங்கிவிடும். அதன்பின் ஒரு மணி நேரம் நல்ல பேச்சு வராது. அவர் வாழ்க்கையில் காலம் வேறு விதமாகப் பதிந்திருக்கிறது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்னா, வந்த பிறகா? வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாமல் போன சமயமா? கம்யூனிஸ்டு காலத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்களே, அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மெர்டேக்கா (சுதந்திரம்) அன்று கையில் எத்தனை பிள்ளை? இப்படிக் கேட்டால் தடையில்லாமல் வரும். பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது 1941 டிசம்பர் 19, கோலாலம்பூர் விழுந்தது 1942 ஜனவரி 11, கம்யூனிஸ்டு காலம் எனும் அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. இந்தத் தேதிகள் உங்கள் நோட்டில் இருந்தால் ஆண்டை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அது உங்கள் வேலை, பாட்டியின் வேலையில்லை.

ஒளிபரப்பு முடிந்ததும் மூலப் பதிவை அழிப்பது

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தயாரிப்புக் குழு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தது. அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அவர் சிறு பிள்ளை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசியிருந்தார். எடிட்டிங்குக்கு உதவப் போனபோது முழுவதையும் பார்த்தேன். ஓரிடத்தில் பாட்டி நாற்காலியை விட்டு இறங்கி, ஐந்தடி எனும் வாசல் நடையில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஆள்காட்டி விரலைத் தரையில் குத்தி, "இது மொத வீடு" என்றார். அந்த வீட்டிலிருந்து யார் போனார், பெயர் என்ன, திரும்பி வந்தாரா. விரல் ஒரு சாண் நகர்ந்தது. "இது ரெண்டாவது வீடு. இங்க ஆம்பளையே இல்ல." இன்னொரு சாண். மூன்றாவது வீட்டில் அப்பனும் மகனும். ஐந்தாவது வீட்டுக்குப் போன பிறகு நிறுத்தினார். விரலை மூன்றாவது வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய், "மகன் இல்ல, மருமகன்" என்று திருத்தினார். அந்த லயம் முழுவதையும் அப்படிச் சொல்லி முடித்தார்.

நிகழ்ச்சியில் வந்தது பாட்டி கண்ணீர் விட்ட நாலு நிமிடம். அதில் எனக்குக் குறையில்லை. அரை மணி நேர நிகழ்ச்சியில் லயத்துக் கணக்கு முழுவதும் வர முடியாது. ஆனால் அடுத்த தொடர் தொடங்கியபோது டிஸ்க் வேண்டியிருந்தது. துடைத்துவிட்டார்கள்.

பிறகு பாட்டி தவறிவிட்டார். பேரன் அந்த நிறுவனத்தைத் தேடிக்கொண்டு வந்தார். தோட்டத்துக் கோயிலில் ஒரு கல் வைக்கப் போகிறார்கள், போனவர்களின் பெயரைப் பொறிக்க வேண்டும், பாட்டி உங்கள் கேமராவில் எல்லாரையும் சொன்னாராமே என்று கேட்டார். அவருக்குக் கொடுக்க இருந்தது, வயலின் இசை மேலே ஓடும் அந்த நாலு நிமிடம் மட்டும்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7,000 போர்க்கைதிகள் கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தான். அந்த லயத்துக்கு இருந்த ஒரே பதிவேடு பாட்டியின் விரல். அது ஒரு தடவை கேமராவில் பதிவாகியும் இருந்தது.

முன்பெல்லாம் பீட்டாகேம் டேப்பின் விலை கையைக் கடிக்கும். ஒரு நிகழ்ச்சி போனதும் அதே டேப்பில் அடுத்ததைப் பதிவார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. இன்றைக்கு என்ன காரணம்? விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று மணி நேரப் பேட்டி 135 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஒரு நாள் படப்பிடிப்புச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய பணமே இல்லை. 1943இல் பத்து வயதாக இருந்தவர்கள் 90ஐத் தாண்டிவிட்டார்கள். மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் நிமிடத்தில் அவர் வாயாலேயே தன் பெயர், தாய் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தோட்டத்தில் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்பதைச் சொல்ல வையுங்கள். பல தோட்டங்கள் இன்று தாமான் (வீடமைப்புப் பகுதி) ஆகிவிட்டன. பழைய பெயர் தெரியாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பதிவைக் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. மூன்று பிரதி வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா எப்படி மூழ்கியது என்று பார்த்தோம். ஒரே அலமாரியில் மூன்று டிஸ்க் இருந்தால் மூன்றும் சேர்ந்துதான் நனையும். அலமாரியில் வைத்ததை வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஓட்டிப் பாருங்கள். பேசியது முழுவதையும் தட்டச்சு செய்து வையுங்கள். டிஸ்க் போனாலும் தாள் இருக்கும். குடும்பத்துக்கு முழுப் பேட்டியை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், நிகழ்ச்சியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தொலைக்காட்சி நிலையத்தின் பணத்தில் எடுக்கும்போது மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, குடும்பத்துக்கு ஒரு பிரதி, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த சாலைப் பக்கம் இருக்கிற அந்தக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென்றே பிரிவு உண்டு. பேசியவரின் சம்மதத்தையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். சிலர், "நான் போன பிறகு காட்டுங்க" என்பார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

தைப்பூசத்தில் தொடங்குவது

பத்துமலைப் படிகளை ட்ரோனில் காட்டாமலும் மலேசியத் தமிழரைப் பற்றிப் படம் எடுக்கலாம்.

பர்மிட்

தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் உரிமமும் படப்பிடிப்புச் சான்றிதழும் கையில் வந்த பிறகு கிளம்புங்கள். தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் கடிதம் தனியாக வேண்டும்.

அழுகைக்காகக் காத்திருப்பது

"ரொம்பக் கஷ்டப்பட்டீங்கதானே தாத்தா?" என்று கேட்டால் அவர் "ஆமாப்பா" என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்வார்? அது உங்கள் பதில், அவர் வாயிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அண்மையில் ஓர் எடிட் பார்த்தேன். சிலாங்கூர்த் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையை மேற்பார்க்கும் ஆளாக, இருந்த ஒரு தாத்தாவைப் பற்றியது. மூலப் பதிவில் அந்தத் தாத்தா, திருவிழா நாடகத்தில் பெண் வேடம் போட்டதையும், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளையும், பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த காற்பந்துச் சண்டையையும் விழுந்து விழுந்து சிரித்தபடி சொல்லியிருந்தார். வேடம் கட்டிய அன்று மீசையை எடுக்க மறுத்து நாடக வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நடித்தே காட்டினார். படத்தில் அவர் கண்ணைத் துடைக்கும் இடங்களை மட்டும் கோத்திருந்தார்கள். எடுத்த தங்கைக்குத் தாத்தா மேல் அன்பு நிறைய இருந்தது. ஆனால் தோட்டக் கதை என்றால் சோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டார். அந்த நாடக இடத்தை மறுபடி சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகு, அதே தாத்தா தோட்டம் விற்கப்பட்ட நாளைப் பற்றிப் பேசும் இடம் முன்பைவிடப் பல மடங்கு கனத்தது.

கஷ்டத்தைக் கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. வேறு வழியாகப் போங்கள். "சம்பளம் போட்ட அன்னைக்குச் சாயங்காலம் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கடைக்காரரின் கடன் நோட்டு வரும், கள்ளுக்கடை வரும், பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய் வரும், கையில் மிச்சம் நின்ற காசு எவ்வளவு என்பதும் வரும்.