"நைட் கோர்ட்" தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

193 அத்தியாயங்கள் கொண்ட ஒரு பழைய நகைச்சுவைத் தொடரை வரிசை தவறாமல் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1984 ஜனவரி முதல் 1992 மே வரை ஒன்பது சீசன்களாக ஒளிபரப்பான "நைட் கோர்ட்" தொடருக்கு அந்தப் பொறுமை தேவையும் இல்லை. முதல் சீசனிலேயே தங்கிவிடுகிறவர் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு விலகக்கூடும்; ஏனெனில் இத்தொடரின் நல்ல பகுதி நடுவில்தான் இருக்கிறது.

பார்ப்பதற்கு முன், கதை நடக்கும் அந்த இரவு நீதிமன்றம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நியூயார்க் நகரில் கைது செய்யப்பட்ட ஒருவரைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதால், மன்ஹாட்டன் குற்றவியல் நீதிமன்றத்தில் மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி வரை ஓர் அமர்வு நடக்கிறது. அங்கே ஜூரிகள் இல்லை, நாள்கணக்கில் நீளும் குறுக்கு விசாரணையும் இல்லை. தெருச் சண்டை, சில்லறைத் திருட்டு, பொது இடத்தில் ரகளை என்று பிடிபட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சில நிமிடங்களில் தீர்ப்போ ஜாமீனோ வாய்தாவோ பெற்றுப் போகிறார்கள். ஆகவே கொலை வழக்கின் மர்மம் அவிழ்வதை எதிர்பார்த்து இத்தொடருக்கு வருகிறவர் ஏமாந்துபோவார். அந்த வரிசை எந்த அத்தியாயத்தில் ஓயாமல் நகர்கிறதோ, அதற்கு நடுவே நீதிமன்ற ஊழியர் ஒருவரின் சொந்த வாழ்க்கை எதில் தற்செயலாக வெளியே வந்து விழுகிறதோ, அதுவே நல்ல அத்தியாயம் என்பது என் அளவுகோல்.

முதலில் தொடக்க அத்தியாயத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். பதவி முடியும் தறுவாயில் மேயர் நிரப்பிய நீதிபதி இடங்களில் ஒன்று, தொலைபேசி வந்தபோது வீட்டில் இருந்த ஒரே காரணத்தால், வித்தை காட்டுவதில் பித்துக்கொண்ட இளைஞர் ஹாரி ஸ்டோனுக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு செய்தி தெரிந்துவிட்டால் மீதிக் கதைக்கு முன்னுரை வேண்டியதில்லை. அந்த வேடத்தில் நடித்த ஹாரி ஆண்டர்சன் நிஜத்திலும் மேஜிக் கலைஞர் என்பதால், சீட்டுக்கட்டை அவர் கையாளும் விதத்தில் பாசாங்கே தெரியாது. அதற்கு அடுத்த அத்தியாயமான "சான்டா கோஸ் டவுன்டவுன்" கிறிஸ்துமஸ் தாத்தா நான்தான் என்று சாதிக்கும் ஒரு முதியவரைப் பற்றியது. வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவனாக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அதில் வருகிறார். இந்த இரண்டோடு முதல் சீசனை மூடி வைத்துவிடலாம்.

இரண்டாம் சீசனில் தவறவிடக் கூடாதது "டேன்ஸ் பேரன்ட்ஸ்". அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேன் ஃபீல்டிங் விலையுயர்ந்த கோட்டும் திமிரும் பெண் சபலமுமாகத் திரிகிறவர். அவருடைய கிராமத்துப் பெற்றோர் நீதிமன்றத்துக்கே வந்து நிற்கிறார்கள். மகனோ அவர்களைத் தெரியாதவர்போல் நடந்துகொள்ளப் பார்க்கிறார். அவருடைய உண்மைப் பெயர் ரைன்ஹோல்ட் என்பதும் அப்போது அம்பலமாகிறது. தொடரை உருவாக்கிய ரைன்ஹோல்ட் வீஜ் தம் பெயரையே இந்த அற்பமான பாத்திரத்துக்குக் கொடுத்திருப்பது உள்வட்டக் கிண்டல். டேனாக நடித்த ஜான் லாரொகெட் 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு எம்மி விருதுகள் பெற்று, அதற்குப் பின் தம் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த விருதுகள் எதற்காக என்பதை இந்த ஒரு அத்தியாயத்தில் அவர் முகம் மாறுவதைக் கவனித்தாலே புரிந்துகொள்ளலாம். பெண்களைப் பற்றி டேன் அடிக்கும் நகைச்சுவைகளில் கணிசமானவை இன்று முகம் சுளிக்கவே வைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்காகவே அவர் கடைசியில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அத்தியாயங்களைத் தேர்ந்துகொண்டால் உறுத்தல் குறையும்.

மூன்றாம் சீசனைத் தொடும்போது ஒரு பின்னணி தெரிந்திருக்க வேண்டும். கரகரத்த குரலில் நீதிமன்றக் காவலர் செல்மாவாக நடித்த செல்மா டயமண்ட் 1985 மே மாதம் காலமானார். அந்த இழப்பைக் கதைக்குள்ளேயே எடுத்துக்கொண்டு சீசனைத் தொடங்குகிறது "ஹலோ, குட்பை". மொட்டைத் தலையும் பூதாகார உடலும் குழந்தை மனமும் கொண்ட சக காவலர் புல் ஷானனின் துக்கத்தை அதில் பார்த்த பிறகு, அவரை வெறும் கோமாளியாக நினைக்க முடியாது. புல்லாக நடித்தவர் ரிச்சர்ட் மால். செல்மாவின் இடத்துக்கு வந்த ஃபுளோரன்ஸ் ஹாலப்பும் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதே சீசனின் "ஹரிக்கேன்" இதற்கு நேர் எதிரான வகை: வெளியே புயல், உள்ளே பிரசவ வலி கண்ட பெண்கள், வெளியேற வழியில்லாத நீதிமன்றம். கட்டுக்கடங்காத கேலிக்கூத்து என்றால் என்ன என்பதற்கு இதைத்தான் காட்டுவேன்.

நான்காம் சீசனில் மார்ஷா வார்ஃபீல்ட் ராஸ் என்ற காவலராக வந்து சேர, ஏழைகளுக்காக வாதாடும் கிறிஸ்டீனாக மார்க்கி போஸ்டும் பெஞ்சு கிளார்க் மேக்காக சார்லஸ் ராபின்சனும் ஏற்கெனவே வேரூன்றியிருக்க, குழு முழுமை பெறுகிறது. ஒரே ஒரு அத்தியாயம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்பவருக்கு இந்த சீசனின் "எ டே இன் தி லைஃப்" போதும். மலைபோல் குவிந்த வழக்குகளை நள்ளிரவுக்குள் முடித்தாக வேண்டும் என்பதுதான் கதை. மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தொடரில் இல்லை. வீலர் குடும்பம் தலைகாட்டும் அத்தியாயங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் விடாதீர்கள்; துரதிருஷ்டமே உருவெடுத்த அந்தக் குடும்பத் தலைவராக, விண்வெளித் தொடரில் புகழ்பெறுவதற்கு முன்பே, பிரென்ட் ஸ்பைனர் நடித்திருக்கிறார்.

ஆறாம் சீசனுக்குப் பின் பொறுக்கித்தான் பார்க்க வேண்டும். ஓட்டப்பறவையைத் துரத்தும் கார்ட்டூன் ஓநாயே குற்றவாளிக் கூண்டில் ஏறும் அளவுக்குத் தொடர் தரையை விட்டு எழும்பிவிடுகிறது. சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஒரு முறை பார்க்கப் பிடித்தது.

இறுதிப் பகுதியான "ஆப்பர்ச்சூனிட்டி நாக் நாக்" அத்தியாயத்தைக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு அத்தியாயங்களாவது பார்த்த பிறகே திறக்க வேண்டும். கிறிஸ்டீன் அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வாகிறார், டேன் வேலையை உதறிவிட்டு அவர் பின்னால் கிளம்புகிறார், உயரத்தில் இருக்கும் பொருள்களை எடுத்துத் தர ஆள் வேண்டும் என்று வேற்றுக்கிரகவாசிகள் புல் ஷானனை வியாழன் கிரகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். முன்கதை தெரியாதவருக்கு இவை பிதற்றலாகவே படும். தெரிந்தவரோ, வந்த வாய்ப்புகளையெல்லாம் தள்ளிவிட்டு ஹாரி மட்டும் ஏன் அதே நீதிமன்றத்தில் தங்கிவிடுகிறார் என்று கேட்கவே மாட்டார். 2023இல் ஹாரியின் மகளை நீதிபதியாக்கி மூன்று சீசன்கள் ஓடிய புதிய தொடரில் லாரொகெட் டேனாகவே திரும்பி வந்தார். அதைத் தொடுவது இதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும்.