சகோதரிகளின் கிளர்ச்சி: இளையோர் மிகுபுனைவின் இரண்டாம் பாகத்தை எழுதுவது எப்படி

மாய ஆற்றல் பெற்ற மூன்று சகோதரிகள் ஊர்ப் பெண்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யும், இளையோருக்கான மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் ஒன்றின் முதற்பாகத்தை எழுதி முடித்தவர்கள் இரண்டாம் பாகத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். சகோதரிகள் மூவருக்கும் ஆற்றல் கைவந்துவிட்டது, ஊர்ப் பெண்கள் அவர்களின் பின்னால் திரண்டுவிட்டார்கள், முதற் போரும் வெல்லப்பட்டுவிட்டது. இனி முன்னையவனைவிடப் பெரிய பகைவன் ஒருவனைக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழி இல்லையென்று தோன்றுகிறது. அந்த வழியில் போகவேண்டாம். முதல் வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வியிலிருந்து இரண்டாம் பாகத்தைத் தொடங்குங்கள்.

அதற்காக, புதிய அத்தியாயம் எதையும் எழுதுமுன், முதற்பாகத்தை ஒரு கொப்பியும் பேனையுமாக இருந்து வாசியுங்கள். சகோதரிகள் செய்த ஒவ்வொரு செயலுக்கும் எதிரே, அதனால் எவருடைய வீட்டில் என்ன குறைந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதுவும் குறையவில்லை என்று கண்டால், அந்த இடத்தில்தான் இரண்டாம் பாகத்தின் கதை ஒளிந்திருக்கிறது.

ஆற்றலுக்குரிய விதியையும் விலையையும் தேடிப் பனிமலைகளுக்கும் அந்நியக் கோட்டைகளுக்கும் போகவேண்டிய தேவை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவருக்கு இல்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்க, அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை அறிந்தவருக்கு, ஒரு மாய ஆற்றலின் இலக்கணம் ஆயத்தமாகவே கிடைத்துவிடுகிறது.

இதை வைத்து ஒரு கதையை அமைத்துப் பார்ப்போம். முதற்பாகத்தில் அரசன் கிணறுகளுக்குக் காவல் போட்டான். நிலத்தடி நீரை அழைக்கும் ஆற்றல் பெற்ற மூன்று சகோதரிகள் ஊர்க் கிணறுகள் அனைத்தையும் ஒரே இரவில் பொங்கச் செய்தார்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அந்தக் கிணறுகள் உவராகிவிட்டன. முதற்காட்சியை அரண்மனையில் வைக்காமல், அவர்களுடைய வளவின் படலையடியில் வையுங்கள். விடியற்காலையில், வெங்காயப் பாத்தி கருகிப்போன பெண்ணொருத்தி வாளியோடு வந்து நிற்கிறாள். அவள் சத்தம் போடவில்லை. வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, “குடிச்சுப் பார் பிள்ளை” என்கிறாள். மூத்தவள் ஒரு வாய் அள்ளிக் குடித்து விழுங்கிவிடுகிறாள். நடுவிலாள் துப்பிவிட்டு அரசன் நஞ்சு கலந்துவிட்டான் என்கிறாள். கடைக்குட்டி வாளியைத் தொடவே மறுக்கிறாள். மூவரின் குணத்தையும் விளக்க இதற்குமேல் ஒரு வரியும் வேண்டியதில்லை.

மூத்தவள் சாந்தமானவள், இளையவள் துடுக்கானவள் என்ற பழைய பங்கீட்டை விட்டுவிடுங்கள். சகோதரிகளுக்கிடையிலான பிணக்கு, இரு பக்கமும் நியாயம் உள்ளதாக இருந்தால்தான் வாசிக்கும் பிள்ளை எவர் பக்கம் நிற்பது என்று தவிக்கும். அடுத்த மாரி வரும்வரை கிணறுகளை மூடவேண்டும் என்பது மூத்தவளின் முடிவு. அதற்குள் திரண்ட பெண்கள் கலைந்துவிடுவார்கள், இப்போதே தலைநகருக்குப் போகவேண்டும் என்பது நடுவிலாளின் முடிவு. இரண்டுமே சரி. இங்கே வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், சகோதரிகள் ஒரே காணியின் துண்டுகளில் அருகருகே குடியிருப்பதும், கிணற்றில் ஆளுக்கொரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் காணி உறுதியில் எழுதப்படுவதும் வழமை. இந்த அமைப்பைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்: பங்குக் கிணறு ஒன்றை ஒருத்தி மூட நினைத்தால் மற்ற இருவரின் சம்மதமும் வேண்டும், படை நடத்தும் பெண்களின் பிணக்கு முழுவதும் அந்தக் கிணற்றுக்கட்டிலேயே நடந்துவிடலாம்.

பகைவன் ஒரு கொடுங்கோலனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை; பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே அவளைக் கட்டியும் வைக்கும் ஒரு விதி அவனைவிட வலிய பகை. ஒல்லாந்தர் 1707இல் சட்டத் தொகுப்பாக்கிய, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கு நெடுங்காலமாகக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. காணியைத் தருவதும் வழமைதான், கையைப் பிடிப்பதும் வழமைதான். உங்கள் கற்பனை நாட்டுக்கு இத்தகைய விதி ஒன்றை எழுதுங்கள். பிறகு அதனால் பாதுகாப்பாக வாழும் ஒரு மாமியைப் படைத்து, கிளர்ச்சிக்கு எதிராக அவள் பேசும் நியாயத்தைக் குறைக்காமல் எழுதுங்கள். இந்த மாமியை முட்டாளாக்கும் நாவல்களை என்னால் நம்பமுடிவதில்லை.

கிளர்ச்சி எப்படி நடக்கிறது என்பதில் கூடிய நேரம் செலவிடுங்கள். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாகி, கைதான பிள்ளைகளை விடுவிக்கக் கோரி வீதியில் இறங்கியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் தாய்மார் வீதியோரக் கொட்டகையில், பிள்ளைகளின் படங்களோடு, வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அந்த இருப்பிலிருந்து கற்றுக்கொள்ள எவ்வளவோ உண்டு: சமைப்பவர் யார், கைக்குழந்தையைப் பார்ப்பவர் யார், இருந்திருந்து களைத்தவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்புபவர் யார். செய்தி எப்படிப் போகிறது என்பதையும் தீர்மானியுங்கள். கிடுகு வேலியின் பொட்டுக்குள்ளால் நுழைந்து அடுத்த வளவுக்கும் அங்கிருந்து அடுத்த ஒழுங்கைக்கும் போகும் ஒரு சிறுமி, காவலர் நிற்கும் தெருவை ஒருமுறையும் தொடாமல் ஊர் முழுவதற்கும் சேதி சொல்லிவிடுவாள்.

போர்க்காட்சி வேண்டுமென்றால் எழுதுங்கள். ஆனால், ஆயுதம் ஏந்திய பெண்களைக் கண்ட மண் இது என்பதை மறக்காமல் எழுதுங்கள். வாசிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் வீட்டுச் சுவரில், சின்னம்மா ஒருத்தியின் மாலையிட்ட படம் தொங்கக்கூடும். ஆகவே உங்கள் நாவலில் இறக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பெயரும், அவள் வராத வீடும், அந்த வீட்டில் ஒரு முழுக் காட்சியும் இருக்கவேண்டும். அவ்வளவு காட்சிகளுக்கு இடமில்லை என்றால், சாவுகளைக் குறையுங்கள்.

எடுத்துரைப்பு எழுத்துத் தமிழில் இருக்கலாம். சகோதரிகளின் பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே இருக்கட்டும். “ஏன் அக்கா எங்களைக் கேளாமல் கிணத்தை மூடினீங்கள்?” என்று நடுவிலாள் கேட்கும்போது அதிலுள்ள மரியாதையும் கோபமும் சேர்ந்தே கேட்கும்.

முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அரசன் வீழலாம், வீழாமலும் இருக்கலாம். கிணறுகளைத் திறப்பதையும் மூடுவதையும் இனி யார் தீர்மானிப்பது என்பதற்கு மட்டும் இரண்டாம் பாகத்திலேயே விடை இருக்கவேண்டும். அந்த உரிமை ஆற்றல் பெற்ற மூவரின் கையிலிருந்து, படலையடியில் வாளியோடு நின்றவள் போன்றவர்களின் கைக்கு மாறும் காட்சியை எழுதிவிட்டு, மற்ற அத்தியாயங்களை அதை நோக்கி நகர்த்துங்கள். மழையைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாதீர்கள். உவரேறிய கிணறு ஒரு மழையில் தெளிந்துவிடாது. அது தெளியும் காலத்தைச் சொல்ல மூன்றாம் பாகம் தேவைப்படலாம்.