நானோகம்பி மின்முனை: அளவுகள் சரி, விளக்கு ஏன் எரியவில்லை?

வளையும் ஓஎல்இடி விளக்கில் (மெல்லிய கரிம அடுக்குகள் ஒளிரும் விளக்கு) ஒளிபுகும் மின்முனையாக ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) பூச்சு ஒத்துவராது; நொறுங்கும் ரகம், மடக்கினால் விரிசல் விடும். அதனால்தான் பலர் வெள்ளி நானோகம்பிக்கு, அதாவது நானோமீட்டர் கணக்கில் மெலிந்த வெள்ளிக் கம்பிகளின் பூச்சுக்குப் போகிறார்கள். அப்புறம் மின்தடையையும் ஒளி ஊடுருவலையும் அளந்து, இரண்டும் நன்றாக வந்ததும் மின்முனை தயார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொடுதிரைக்கு அது பெரும்பாலும் போதும். விளக்குக்குப் போதாது.

காரணம், மேற்பரப்பின் மேடுபள்ளம். ஓஎல்இடியின் கரிம அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 200 நானோமீட்டர் தடிமன்தான். 40 நானோமீட்டர் கம்பிகள் இரண்டு குறுக்கே ஏறிக் கிடந்தாலே 80 நானோமீட்டர் மேடு. நான்கைந்து கொத்தாகக் கிடந்தால் மறுபக்க மின்முனையைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். சராசரிக் கரடுமுரடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு முகடு போதும், விளக்கு போய்விடும். கம்பிகளைக் கண்ணாடியில் பூசி, மேலே புற ஊதா ஒளியில் இறுகும் பிசினை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுப்பதே நல்ல வழி. கம்பிகள் பிசினுக்குள் புதைந்து வரும். கண்ணாடியை ஒட்டியிருந்த வழவழப்பான பக்கத்தில்தான் அடுத்த அடுக்கைப் பூச வேண்டும். பெடாட் என்ற மின்கடத்தும் பாலிமரைப் பூசி மேட்டை மறைப்பவர்களும் உண்டு. ஆனால் வழக்கமான பெடாட் கரைசல் அமிலத்தன்மை கொண்டது, நாளடைவில் வெள்ளியை அரிக்கும்.

அடுத்தது சூடு. கம்பி தயாரிக்கும்போது அதன்மேல் ஒட்டும் பிவிபி என்ற பாலிமர், கம்பிகளின் சந்திப்புகளில் மின்சாரத்தை மறிக்கும். அதைப் போக்கக் கண்ணாடிக்கு எழுதிய 200 டிகிரி செய்முறையைப் பெட் (PET) பிளாஸ்டிக்கில் செய்தால் தாள் சுருங்கி நெளியும். 80 டிகிரியை ஒட்டியே அது இளகத் தொடங்கிவிடுகிறது. வெள்ளியின் உருகுநிலை 962 டிகிரி என்ற தைரியமும் உதவாது. இவ்வளவு மெல்லிய கம்பி அதற்கு வெகு முன்பே துண்டாகி உருண்டைகளாகிவிடும். எத்தனாலில் கழுவி, உருளையில் அழுத்துவது பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பு.

பூசுவதற்கான கரைசலின் அடியில் படிந்த கம்பிகளைக் கலைக்க, ஒலியதிர்வால் கலக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் வெகுநேரம் வைக்காதீர்கள், கம்பி உடையும். குட்டைக் கம்பியானால் அதே கடத்தலுக்கு அதிகம் கொட்ட வேண்டிவரும், வெளிச்சம் குறையும். மெதுவாகக் குலுக்கினாலே போதும்.

பூச்சு கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று தூக்கிப் போடுவதும் வீண். அது திரை செய்பவர்களின் கவலை. விளக்கில் அந்தச் சிதறல், உள்ளே சிக்கும் ஒளியில் ஒரு பங்கை வெளியே கொண்டுவரும்.

பூசிய தாளைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கொலுசைக் கறுக்க வைப்பதுபோல இதையும் கறுக்க வைக்கும், கம்பி மெல்லியது என்பதால் இன்னும் சீக்கிரமாக.