பழைய வான்வழிப் படத்தில் கப்பல்துறையை அடையாளம் காண்பது எப்படி?

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள பேரோ-இன்-பர்னஸ், கப்பல் கட்டியே வளர்ந்த ஊர். ஜப்பானின் மிகாசா போர்க்கப்பல் 1900இல் இங்கேதான் நீரில் இறக்கப்பட்டது. அவ்வூரின் பழைய வான்வழிப் படமொன்றில் எது என்ன, அது எக்காலத்தது என்று கண்டறியும் முறையைத் தொடக்கநிலையினருக்காக இங்கே விளக்குகிறேன்.

படி 1: 1919இல் தொடங்கப்பட்ட ஏரோபிலிம்ஸ் நிறுவனம் எடுத்த படங்கள் 'பிரிட்டன் ஃப்ரம் அபவ்' இணையதளத்தில் உள்ளன. அங்கே ஊர்ப் பெயரை இட்டுத் தேடி, நிழல் தெளிவாக விழுந்திருக்கும் படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவ்வூரில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கு நோக்கியே விழும் என்பதால் திசை உடனே பிடிபட்டுவிடும்.

படி 2: கப்பல்களைப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் நீரைக் கவனியுங்கள். ஊருக்கும் வால்னி தீவுக்கும் இடையே ஓடுவது நீரிணை. அதன் குறுக்கே தெரிவது 1908இல் திறக்கப்பட்ட பாலம். கடல் வற்றும் நேரத்தில் நீரிணையின் ஓரங்களில் சேறு தெரியும். மதகுகளால் நீர் தேக்கப்படும் டெவன்ஷயர், பக்ளூ டாக்குகளிலோ நீர் விளிம்புவரை நிற்கும். கப்பலின் உடற்பகுதி உருவாகும் சரிவுமேடைகள் நீரிணையின் பக்கமும், இறக்கிய கப்பலுக்கு எந்திரமும் ஆயுதமும் பொருத்தும் இடம் டாக்குகளின் பக்கமும் இருப்பதால், இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

படி 3: டாக்கின் ஒரு பகுதியைத் தூர்த்து எழுப்பிய, 51 மீட்டர் உயரமுள்ள கட்டுமானக் கூடம் தெரிந்தால் படம் 1980களுக்கு முந்தையதன்று.

படி 4: இனிக் கப்பலுக்கு வரலாம். பெரிய கப்பலெல்லாம் போர்க்கப்பல் என்று எண்ணிவிடக் கூடாது. 1931ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்நேவர், 1934இல் இறக்கப்பட்ட ஓரியன் ஆகிய பயணிகள் கப்பல்களும் இவ்வூரில் பிறந்தவையே. முன்னதற்கு மூன்று புகைபோக்கிகள், பின்னதற்கு ஒன்றே ஒன்று. எண்ணிப் பார்த்தாலே போதும்.

சிக்கல் தருபவை தட்டையான மேற்தளம் கொண்ட விமானந்தாங்கிகள். 1944இல் தொடங்கிய ஹெர்மீஸ், போர் முடிந்ததும் வேலை நிறுத்தப்பட்டதால், 1953 பிப்ரவரி வரை சரிவுமேடையிலேயே கிடந்தது. 1945இல் இறங்கிய மெஜஸ்டிக் அதற்குள் நீரில் இருந்தது. அது 1955இல்தான் மெல்போர்ன் என்ற பெயரில் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்தது. இந்த விவரம் தெரியாத நாளில், டாக்கில் மிதந்த தட்டைக் கப்பலையெல்லாம் நான் ஹெர்மீஸ் என்றே குறித்து வைத்திருந்தேன். நீங்கள் சரிவுமேடையையும் டாக்கையும் சேர்த்தே பாருங்கள். 1940களின் பிற்பகுதிப் படத்தில் மேடையில் ஒன்று, நீரில் ஒன்று என இரண்டு தெரிந்தால், மேடையில் இருப்பதே ஹெர்மீஸ். இரண்டும் நீரில் நின்றால், படம் 1953 பிப்ரவரிக்கும் 1955க்கும் இடைப்பட்டது. அவற்றுள் சுமார் 13 மீட்டர் நீளம் கூடியதுதான், 1987இல் இந்தியக் கடற்படையில் விராட் என்ற பெயரில் சேர்ந்த கப்பல்.