சார்ட்டர் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் பிள்ளையைக் கிண்டர்கார்டன் சேர்க்கிற பருவம் வந்தால், நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் "அந்த சார்ட்டர் ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?" என்ற கேள்விதான் ஓடும். பத்துக்கு ஒன்பது என்றால் உடனே விண்ணப்பம். ஐந்து என்றால் யாரும் அதற்கப்புறம் பேசுவதில்லை. அந்த எண் எப்படி வந்தது என்று கேட்காமல் விடுவதுதான் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவை.

சார்ட்டர் என்றால் தனியார் பள்ளி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அரசுப் பணத்தில், ஓர் ஒப்பந்தத்தின் பேரில் தனி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளி. மினசோட்டா 1991இல் முதல் சட்டம் கொண்டுவந்தது, கலிபோர்னியா 1992இல். கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆனால் அந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்கவே, தேதி தெரிந்து விண்ணப்பிக்கவும், தினமும் காரில் கொண்டுபோய் விடவும் முடிகிற பெற்றோர் வேண்டும். அதனால் பள்ளிக்குள் நுழைகிற பிள்ளைகளே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிலிருந்து வேறுபட்டிருக்கலாம். மாணவர் விவரப் பட்டியலைப் பார்க்காமல் மாநிலத் தேர்வில் தேறியவர்களின் விகிதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போய்விடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளியில் 100 பேர்: 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், 20 பேர் ஏழைக் குடும்பத்தவர். வசதியானவர்களில் 70 சதவீதமும் ஏழைப் பிள்ளைகளில் 30 சதவீதமும் தேறுகிறார்கள். 56ஐயும் 6ஐயும் கூட்டினால் மொத்தம் 62. இரண்டாம் பள்ளியில் வசதியானவர்கள் 40 பேர், ஏழைகள் 60 பேர். அங்கே தேர்ச்சி முறையே 75, 40 சதவீதம். 30ஐயும் 24ஐயும் கூட்டினால் 54. ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் இரண்டாம் பள்ளிதான் மேல். ஆனால் பட்டியலில் முந்தி நிற்பது முதல் பள்ளி. மொத்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோர் நல்ல பள்ளியைத்தான் கைவிடுகிறார்கள். பள்ளிகளின் நிலையைக் காட்ட மாநிலம் நடத்தும் 'டேஷ்போர்டு' இணையதளத்தில் பிரிவுவாரியான எண்கள் இருக்கின்றன. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவோ, முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

அந்த எண்ணும் ஒருநாள் நிலையைத்தான் காட்டும், வளர்ச்சியைக் காட்டாது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் சிகாகோ நகரப் பள்ளிகளைப் பார்த்தபோது, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரையிலான ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகள் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பு வளர்ந்திருந்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர்கள் அந்தப் பள்ளிகளை மோசம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். தொடக்கப் பள்ளியில் இது இன்னும் முக்கியம்: மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. கிண்டர்கார்டன், ஒன்று, இரண்டு வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பது அந்த எண்ணில் நேரடியாக வருவதே இல்லை.

அடுத்தது நமக்கு நேரடியாகப் பொருந்துவது. சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். "தமிழ்" என்று எழுதினால் பிள்ளைக்கு 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு நடக்கும். அதற்குப் பயந்து "ஆங்கிலம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் அந்த முதல் தேர்விலேயே சரளமாகப் பேசுபவர் என்று குறித்துவிடுவார்கள். வரவில்லையென்றால் 'ஆங்கிலம் கற்பவர்' என்ற பிரிவில் சேர்ப்பார்கள். அதற்கான உதவி பிள்ளைக்குச் சட்டப்படி உரியது.

அந்தப் பிரிவின் மதிப்பெண்ணைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலம் தேறிய பிள்ளை 'ஆங்கிலம் கற்பவர்' பிரிவைவிட்டு வெளியேறிவிடும். எனவே மீதமிருப்பவர்களின் எண் எப்போதும் தாழ்வாகவே தெரியும். அதைப் பார்த்து "இங்கே ஆங்கிலமே சொல்லித் தருவதில்லை" என்று சொல்வது அநியாயம். ஆனால் டேஷ்போர்டு, அப்படி வெளியேறியவர்களையும் நான்கு ஆண்டுவரை இந்தப் பிரிவில் சேர்த்தே கணக்கிடுகிறது. மேலே சொன்ன மாநிலத் தேர்வான காஸ்ப்பின் முடிவுத் தளத்தில் இந்தப் பிரிவு தற்போது கற்பவர்களை மட்டும் காட்டும். ஒரே பள்ளிக்கு இரண்டு தளத்தில் இரண்டு எண் வந்தால், யாரோ பொய் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். 'ஆசியர்' என்ற பிரிவும் இப்படித்தான்: இந்தியர், சீனர், ஹ்மாங், கம்போடியர் எல்லாரும் ஒரே வரியில்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று காட்டும் எண்ணும் முன்போல் இல்லை. அதைக் கணக்கிடுவது இலவச, குறைந்த விலை உணவுக்கான தகுதியை வைத்து: குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 185 சதவீதம் வரை. 2022-23 முதல் கலிபோர்னியாவில் பொதுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் உணவு இலவசம். அதனால் பல பெற்றோர் வருமானப் படிவத்தை நிரப்புவதில்லை. எண் குறைகிறது, அதோடு பள்ளிக்கு வரவேண்டிய கூடுதல் நிதியும் குறைகிறது. படிவம் வந்தால் நிரப்பிக் கொடுங்கள்.

சின்னப் பள்ளிகளில் எண்கள் ஆடும். மூன்றாம் வகுப்பில் 45 பேர் என்றால், நான்கு பிள்ளைகள் தேறியதாலோ தவறியதாலோ விகிதம் 9 புள்ளி மாறிவிடும். போன வருடத்து மூன்றாம் வகுப்பும் இந்த வருடத்து மூன்றாம் வகுப்பும் வேறு வேறு பிள்ளைகள். மூன்று வருடம் சேர்த்துப் பாருங்கள்.

"சார்ட்டர் என்றாலே மேல்" என்பதும் "சார்ட்டர் என்றாலே ஏமாற்று" என்பதும் இரண்டுமே தவறு. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ என்ற கல்வி ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், வழக்கமான பொதுப் பள்ளிகளில் படிக்கும் ஒத்த பின்னணியுள்ள மாணவர்களைவிட சார்ட்டர் மாணவர்கள் ஓராண்டில் வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதலாகக் கற்றதற்குச் சமமான முன்னேற்றம் காட்டினார்கள். அதே ஆய்வில் முழுநேர இணையவழி சார்ட்டர் மாணவர்கள் வாசிப்பில் 58 நாளும் கணக்கில் 124 நாளும் பின்தங்கினார்கள். சராசரி என்பது உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒப்பிட வேண்டியது, குலுக்கலில் பெயர் வராவிட்டால் உங்கள் பிள்ளை போகப்போகிற பள்ளியோடுதான்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது அலுவலகத்தில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர், அதே குழு ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது எத்தனை பேர் மிஞ்சினார்கள், காலியான இடத்துக்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்த்தார்களா என்று. விட்டுப் போனவர்கள் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளாகவே இருந்தால், ஐந்தாம் வகுப்பின் உயர்ந்த தேர்ச்சி விகிதம் பாடம் நடத்தியதால் மட்டும் வந்ததல்ல.